பெரியது வருகிறது, கொஞ்சம் வழிவிடுங்கள்

இன்றைக்கு உங்கள் முன்னால் நிறுத்தப்போகும் ஜீவனின் பெயர் மகாதிட்டக்காரர். பயப்படாதீர்கள், கடிக்காது. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது. உங்கள் அலுவலகத்தில் ஒருவர், எல்லாக் கோப்புகளையும் ஒரே மூச்சில் ஒழுங்குபடுத்தும் புதிய முறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறார் அல்லவா, அது உருவாகும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு? அவர்தான். உங்கள் சித்தப்பா ஒருவர், உடம்பைக் குறைக்க முழுமையான வாழ்க்கைமுறை ஒன்றை ஆராய்ந்துகொண்டிருக்கிறார் அல்லவா, ஆராய்ச்சிக்குத் தெம்பு வேண்டுமே என்று தட்டை மறுபடி நீட்டிக்கொண்டு? அவரும்தான்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி நல்லவர். அவர் பாட்டுக்குத் தூங்குவார், நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கலாம். மகாதிட்டக்காரர் தூங்கமாட்டார். ஓடுவார், அலைவார், கத்துவார், கூடவே நாலு பேரை இழுத்துக்கொண்டு ஓடுவார். நம்மைவிடப் பல மடங்கு வேலை செய்வார். முடிக்கமாட்டார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒன்றோடு வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிய தகுதி. ஒரு பாப் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் நான். பேஸ் கிட்டார்க்காரன் என்றால், குழுவின் புகைப்படத்தில் ஓரமாக நிற்கிற ஆள். பத்திரிகையில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுகிற ஆள். ஓரத்தில் நிற்பதில் ஒரு சௌகரியம் உண்டு, எல்லாம் நன்றாகத் தெரியும். எங்கள் குழுத் தலைவருக்கு டிரம்மர் வைத்த பெயர் 'பிரம்மாண்டம்'. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வான். ஒருநாள் வாய்தவறி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். தொலைந்தோம் என்று நாங்கள் தரையைப் பார்த்தோம். அவரோ, "ம், சொல்லு" என்றார், அம்மா அப்பா வைத்த பெயரே அதுதான் என்பதுபோல.

பிரம்மாண்டம் சரக்கில்லாத ஆள் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் அவர் போட்டதெல்லாம் மூன்று நிமிஷப் பாட்டுகள். காலையில் ஒருமுறை கேட்டால் சாயங்காலம்வரை வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் பாடினார்கள், மாடிப்படியில் பாடினார்கள். அங்கேதான் வினை பிடித்தது. ஒருநாள் அவர் முடி வெட்டிக்கொள்ளப் போக, கடைக்காரர் கத்தரியை ஆட்டிக்கொண்டே அவருடைய பாட்டை முணுமுணுத்திருக்கிறார். உங்களுக்கோ எனக்கோ இப்படி நடந்தால் உச்சி குளிர்ந்துவிடும். பிரம்மாண்டம் பாதி வெட்டிய தலையோடு ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தார்.

"முடி வெட்டிக்கிட்டே பாடறான்டா என் பாட்டை! அப்போ அது எவ்வளவு அற்பமான பாட்டா இருக்கணும்! கத்தரியைக் கீழ வச்சுட்டு, கண்ணை மூடிட்டு, ஆடாம அசையாமக் கேக்கற மாதிரி ஒண்ணு பண்ணப்போறேன்."

"அப்போ யாரு தலைவரே முடி வெட்டுவா?" என்றான் டிரம்மர். அவருடைய தலையின் மீதிப் பாதியைப் பார்த்துத்தான் கேட்டான்.

அப்படிப் பிறந்ததுதான் 'அண்டசராசரம்'. முதல் மழைத்துளியில் தொடங்கி, கடைசி நட்சத்திரம் அணைவதில் முடியும் ஆல்பம். ஒரு ஸ்வரம்கூடப் போடுவதற்கு முன்பே பெயர் தயார். பெயரை எந்த எழுத்தில் அச்சடிப்பது என்பது தயார். அட்டையின் பின்பக்கத்துக்கு நன்றியுரை தயார். மகாதிட்டக்காரரை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள இது ஒரு நல்ல வழி: அவருடைய வீட்டுக்குக் கதவு எங்கே என்று கேட்டால் தெரியாது, கதவில் மாட்டப்போகும் பெயர்ப்பலகையை எடுத்துக் காட்டுவார்.

பிறகு மழையைப் பிடிக்கப் போனோம். ஊரில் எங்கே மழை பெய்தாலும் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தகரக் கூரை மழை, தார்ச்சாலை மழை, குடை மேல் மழை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது நான் நினைச்ச மழை இல்லை." நட்சத்திரம் அணைகிற சத்தத்துக்காக, செல்லோ வாசிக்கும் ஒரு சாதுவான அம்மாளை லிஃப்டில் உட்காரவைத்து மேல்மாடியிலிருந்து கீழே இறக்கினார். இசை இறங்கும்போது வாசிப்பவரும் இறங்கவேண்டுமாம், அப்போதுதான் உண்மை வருமாம். ஒவ்வொரு தடவையும் நடுவில் எந்த மாடியிலாவது கதவு திறந்து, காய்கறிப் பையோடு யாராவது ஏறி, "கீழதானே போகுது?" என்று கேட்டார்கள். அத்தனை பேருடைய குரலும் இன்னும் அந்த டேப்பில் இருக்கிறது. அந்த அம்மாள் கடைசியில் படியில் இறங்கிப் போனவர்தான், திரும்பி வரவில்லை.

"இன்னும் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி." இது இந்த இனத்தின் கூவல். இதைக் கேட்டால் போதும், ஆளைப் பார்க்கவே வேண்டாம். ஒரே ஒரு விஷயம் முடிந்ததும் இன்னொரு ஒரே ஒரு விஷயம் வரும். இப்படியே நாலு வருஷம் போனது. ரெக்கார்டு கம்பெனிக்காரர் வந்து கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். "மக்கள் இன்னும் இதுக்குத் தயாராகலை" என்று பிரம்மாண்டம் அவருக்கு ஆறுதல் சொன்னார். மக்களாவது, தயாராவதாவது! அவர்கள் வேறு பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை நான் சொன்னது சிரிக்கிற சமாச்சாரம். இனி சொல்லப்போவதில் பிரம்மாண்டத்தின் தங்கை வருகிறாள்.

எங்கள் குழுவின் குரல் அவள்தான். அவளைப் பெரிய பாடகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்து உங்களிடம் மட்டும் ஏதோ சொல்கிற மாதிரி இருக்கும். அண்டசராசரத்தில் அவளுக்கு இடம் உண்டா என்றால், உண்டு. சாதாரண இடமா?

"அண்ணா, நான் எப்போ பாடறது?"

"கடைசியாம்மா. எல்லாம் கட்டி முடிச்சப்புறம் மேல வைக்கிற மகுடம்டா நீ. மகுடத்தை எடுத்தவுடனே வச்சுடுவாங்களா?"

மகுடம் ஸ்டுடியோவின் மூலையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தினமும் தொண்டைக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்தது. அந்த நாற்காலியிலேயே கல்யாணம் நிச்சயமாகி, கல்யாணமும் முடித்துக்கொண்டு, மறுபடி வந்து உட்கார்ந்தது. யாராவது தண்ணீர் கேட்டால் எடுத்துக்கொடுத்தது. நாலு வருஷத்தில் ஒரு வரி பாடவில்லை.

ஒருவழியாக ஒருநாள் எல்லாம் முடிந்தது. நிஜமாகவே முடிந்தது. மழை கிடைத்துவிட்டது, நட்சத்திரம் அணைந்துவிட்டது, அவள் பாடவேண்டியது மட்டும்தான் பாக்கி. ஒரு மத்தியானத்து வேலை. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். பிரம்மாண்டம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்தார். மைக் சரியில்லை என்றார். மாற்றினோம். அறையில் ஈரம் அதிகம் என்றார். ஜன்னலைத் திறந்தோம். பிறகு அவர் டேப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரிக்குள் அடுக்கிப் பூட்டினார்.

"நிறுத்தியாச்சுன்னு யாரும் சொல்லக்கூடாது. தள்ளி வச்சிருக்கேன்."

ஏன்? ஊரெல்லாம் ஏதேதோ காரணம் சொன்னது. ஓரத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்தது இதுதான்: முடித்துவிட்டால் மற்றவர்கள் கேட்டுவிடுவார்கள். கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். முடியாத அண்டசராசரத்தைப் பற்றி யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. அவள் ஹெட்போனைக் கழற்றி, வயரை நிதானமாகச் சுற்றி, ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். எனக்கு வந்த கோபத்தில் கிட்டார் கம்பியை இழுத்து அறுத்துவிட்டேன். வழக்கம்போல யாரும் கவனிக்கவில்லை.

இப்போது கம்பெனிக்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏதாவது ஒண்ணு குடுங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்லை, பாட்டா இருந்தாப் போதும்." ஸ்டுடியோவை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். அதே சமயம் தங்கையின் கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவர் பல் டாக்டர். வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. அவள் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற துணி துவைக்கும் அறையைக் காட்டினாள். சுவரெல்லாம் டைல்ஸ். கைதட்டினால் நன்றாக எதிரொலித்தது.

"இங்க வச்சுப் பாடிடலாம். லாரி வர்றதுக்குள்ள நான் ஒரு பாட்டாவது பாடிட்டுப் போகணும் அண்ணா. அங்க போயிட்டா அவ்வளவுதான், எனக்கே தெரியும்."

அவள் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். பிரம்மாண்டம் அறையைச் சுற்றிப் பார்த்தார். சோப்புத்தூள் டப்பா, கொடியில் பனியன்கள், மூலையில் பழைய வாஷிங் மெஷின். கவிழ்த்துப்போட்ட ஒரு வாளியின் மேல், ராஜ்யம் பறிபோனவர் தோரணையில் உட்கார்ந்தார். "சரி. சும்மா ஏதாவது குடுத்துத் தொலைப்போம். இதெல்லாம் கணக்குல சேராது."

டிரம்ஸ் அந்த அறைக்குள் நுழையவில்லை. நுழைந்தது டிரம்மரும் அவனுடைய பழைய டேப் ரெக்கார்டரும்தான். அவன் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கையில் அவள் மெஷினைப் போட்டாள். அதற்கு ஒரு கால் குட்டை. நொண்டியது. டக்கு, டடக்கு, டக்கு, டடக்கு. டிரம்மர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பிறகு பட்டனை அழுத்திப் பதிவு செய்ய ஆரம்பித்தான். "தலைவரே, இவன் என்னைவிட நல்லா வாசிக்கறான்."

வாசகரே, இங்கே ஒன்று நடந்தது. கணக்கில் சேராது என்று தானே சொல்லிவிட்டதால், பிரம்மாண்டம் தன்னைக் கவனித்துக்கொள்வதை மறந்துவிட்டார். தங்கை ஒரு கால் உறையைத் தேடிக்கொண்டிருந்தாள். வாளியில் உட்கார்ந்தபடியே, சின்ன வயதில் அவளைச் சீண்டுவதுபோல, மெஷின் தாளத்துக்கு ஒத்துப் பாடினார்:

"காணாமப் போன கால் உறையே,
கால் இல்லாம எங்க போனே?"

அவள் சிரித்துவிட்டு அடுத்த அடியைத் தானே பாடினாள்:

"ஜோடி இங்கே அழுவுது பாரு,
சொல்லாமத்தான் ஏன் போனே?"

சிரிப்பும் டேப்பில் ஏறியது. ஜன்னல் பூனையைப் பற்றி ஒரு பாட்டு, சொட்டுகிற குழாயைப் பற்றி ஒன்று, தேநீர் ஆறிப்போனதைப் பற்றி ஒன்று. சாயங்காலம் பல் டாக்டர் வந்து கதவைத் தட்டி, "மச்சான், என் சட்டை காஞ்சிடுச்சா பாருங்களேன்" என்று கேட்டது ஒரு பாட்டின் நடுவில் அப்படியே கிடக்கிறது. எதையும் அழித்துவிட்டு மறுபடி செய்ய நேரமில்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது.

மகாதிட்டக்காரர் அவ்வளவு சீக்கிரம் திருந்திவிடுவாரா? அவள் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், வாளியிலிருந்து கை மேலே எழும்பும். "அந்த மேல் ஸ்தாயியை இங்க செலவு பண்ணாதே. அது அண்டசராசரத்துக்கு. இங்க சும்மா பேசற மாதிரி பாடு." அவளும் கேட்டுக்கொண்டாள். சேலை கிழிந்துவிடும் என்று பீரோவிலேயே வைத்துக் கிழியவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தங்கையின் தொண்டைக்கே பீரோ போட்டவர் இவர். "கடைசிப் பாட்டை மட்டும் நான் முழுசாப் பாடுவேன்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். "பார்க்கலாம்" என்றார் பிரம்மாண்டம். பார்க்கலாம் என்றால் இந்த இனத்தின் மொழியில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

லாரி வரவேண்டிய நாள் காலையில் கடைசிப் பாட்டுக்காகக் கூடினோம். அவள் மெஷினைப் போட்டாள். சத்தமே இல்லை. தண்ணீர் மட்டும் உள்ளே மெல்லப் புரண்டது. டிரம்மர் குனிந்து காதை வைத்துப் பார்த்தான். மெஷின் நாலு காலிலும் சமமாக, மரியாதையாக நின்றுகொண்டிருந்தது.

பல் டாக்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"மேல்வீட்டுக்காரருக்கு இதைக் குடுத்துட்டுப் போறோமே மச்சான், ஆடற மெஷினையா குடுக்கறது? காலையிலயே எழுந்து சரி பண்ணிட்டேன். உங்களுக்கும் எத்தனை நாளா இந்தச் சத்தம் தொந்தரவா இருந்திருக்கும்!"

பாவம், ஆடுகிற எதையும் அந்த மனுஷரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தொழில் அப்படி. நாங்கள் மறுபடி காலைக் குட்டையாக்கப் பார்த்தோம். அவர் முடுக்கியதை யாரால் கழற்ற முடியும்?

இப்போது நீங்கள் பிரம்மாண்டத்தைப் பார்த்திருக்கவேண்டும். அத்தனை நாள் வாளியில் வாடிக்கிடந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தடங்கல் என்றால் இந்த இனத்துக்கு அவ்வளவு சந்தோஷம்.

"மாப்ளை, நீங்க தப்பே பண்ணலை. இது நல்ல சகுனம். இந்தப் பாட்டை இந்த அறையில முடிக்கக்கூடாதுன்னு இருக்கு. அப்புறமா ஒரு நல்ல இடத்துல, நல்ல மைக்ல, ஏம்மா, நீ அங்கேருந்து லீவுக்கு வரும்போது…"

தங்கை வாசலுக்குப் போனாள். பயணத்துக்கென்று கணவர் வாங்கி, துடைத்துத் துடைத்து வைத்திருந்த புது பூட்ஸ் ஜோடியோடு வந்தாள். மெஷினின் மூடியைத் திறந்து, இரண்டையும் உள்ளே போட்டு மூடினாள்.

"ஐயோ, அது தோல்!" என்றார் டாக்டர்.

"தெரியுங்க" என்றாள்.

தொம், தொம். தொதொம், தொம். முன்னைவிடக் கனமான தாளம். டிரம்மர் அதற்குள் பட்டனை அழுத்திவிட்டான். நான் வாசிக்கத் தொடங்கினேன். அவள் பாடினாள். இந்த முறை வாளியிலிருந்து கை எழும்பியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு வருஷம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததெல்லாம் எழுந்து வந்த மாதிரி இருந்தது. டைல்ஸ் அறை முழுக்க அவள் குரல். பல் டாக்டர் பூட்ஸை மறந்து கதவில் சாய்ந்துகொண்டார். வெளியே லாரி வந்து ஹாரன் அடித்தது. அவள் நிறுத்தவில்லை. இரண்டு வரி மிச்சமிருக்கும்போது மெஷின் சுற்று முடிந்து நின்றுவிட்டது. திடீரென்று ஒரே நிசப்தம்.

"அண்ணா, மெஷின் நின்னுடுச்சு."

வாளிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"பரவாயில்லைம்மா. நீ பாடு."

அந்த இரண்டு வரியை அவள் தாளமில்லாமல் பாடி முடித்தாள். நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். பிரம்மாண்டமும் அழுதார். ஆனால் அவரைக் கேட்டால் சோப்புத்தூள் என்பார்.

ஆல்பம் வெளிவந்தது. அட்டையில் டிரம்மர் தன் கையாலேயே 'மெஷின் நின்னுடுச்சு' என்று எழுதிவிட்டான். மேதைகள் சிலர் பத்திரிகையில் தலையில் அடித்துக்கொண்டார்கள்: அண்டசராசரத்துக்குக் காத்திருந்த எங்களுக்கு அழுக்குத்துணியா? இவர்கள் அண்டசராசரத்தில் ஒரு வரிகூடக் கேட்காதவர்கள், அதனால்தான் அதன்மேல் அவ்வளவு பக்தி. மற்றவர்கள் பாத்திரம் கழுவும்போது எங்கள் ஆல்பத்தைப் போட்டுக் கேட்டார்கள். பிள்ளைகள் கால் உறையைத் தேடும்போது பாடினார்கள். கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் கொஞ்ச நேரம் கையை நிறுத்தினார்களாம். முடி வெட்டுகிற கடைக்காரர், மெஷின் நிற்கிற இடம் வந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். நான் அப்போது அவர் நாற்காலியில்தான் இருந்தேன்.

இதைப் பிரம்மாண்டத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அதில் பழைய வெளிச்சம் தெரிந்தது.

"நானும் அதைத்தான் யோசிச்சேன். அந்த ஆல்பம் ஒரு விதைதான்டா. அதைப் பெரிசாப் பண்ணணும். ஒரு மண்டபம் நிறைய வாஷிங் மெஷின். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நொண்டணும். உள்ள பூட்ஸ், செருப்பு, ராணுவக் காலணி எல்லாம். பேர்கூட வச்சாச்சு."

"தலைவரே, நொண்டற மெஷின் அத்தனை எங்க கிடைக்கும்?" என்றான் டிரம்மர்.

"நல்ல மெஷினை வாங்கி நாமதான் ஒவ்வொண்ணா நொண்ட வைக்கணும். அந்த ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி."

சொல்லிக்கொண்டே வெளிநாட்டுக்கு போன் போட்டார். தங்கை எடுத்தாள். பின்னால் ஏதோ ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. அவர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விவரித்துவிட்டு, "நீ ஒண்ணும் சிரமப்பட வேண்டாம்மா. எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா வந்து பாடினாப் போதும்" என்றார்.

"நான் பாடிட்டேன் அண்ணா" என்றாள் அவள். மாப்பிள்ளை புது பூட்ஸ் வாங்கிவிட்டாரா என்று விசாரித்துவிட்டு அவர் போனை வைத்தார். மத்தியானம் மண்டபம் பார்க்கப் புறப்பட்டோம்.

நல்லவேளை, நீங்கள் இந்த இனத்தில் சேர்ந்தவர் இல்லை. உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே? வீட்டு வேலை ஒன்று, பிள்ளையின் பரீட்சை ஒன்று, அலுவலகத்தில் அந்த ஒரே ஒரு விஷயம். அது முடிந்ததும் நீங்கள் உட்கார்ந்து நிதானமாகப் பேசப்போகிறீர்கள், சிரிக்கப்போகிறீர்கள், எங்காவது கூட்டிக்கொண்டு போகப்போகிறீர்கள். சந்தோஷம். ஆனால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, ஒருமுறை தலையைத் திருப்பி உங்கள் வீட்டு மூலையைப் பாருங்கள். ஒரு மடக்கு நாற்காலியில், வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு, தன் முறை எப்போது வரும் என்று யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? இருந்தால் சீக்கிரம் கூப்பிடுங்கள். எங்கள் லாரியாவது ஹாரன் அடித்தது, எல்லா லாரியும் அடிக்காது.